ஒரு பலசரக்குக் கடையின் நான்கு தலைமுறை

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பெருவணிகர்களின் வரலாற்றைச் செப்பேடுகள் கூறுகின்றன. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்கள் குறிக்கப்பெறுகின்றன. அதில் சாட்சியமிட்டோர் சிலரின் கையொப்பம் அரபு கூஃபி எழுத்தில் இன்றும் நின்று விளங்குகிறது. ஆனால், ஊர் முனையில் ஓலைச் சார்ப்பின் கீழ் அமர்ந்து, உப்பையும் புளியையும் அளந்து கொடுத்த சிறு வணிகனின் வரலாற்றை எந்தக் கல்லும் கூறுவதில்லை. அவனுடைய வரலாறு அவனது கணக்கேட்டில்தான் உள்ளது. அந்த ஏடோ, அடுத்த தலைமுறையில் பொட்டலம் கட்டும் தாளாகப் போய்விடுகிறது.

இதனை நான் பிறர்மீது குறையாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் இளவல் எங்கள் குடும்பக் கடையைப் புதுப்பித்தார். பரணில் கிடந்த பழைய பேரேடுகள் பழைய தாள் வாங்குபவரின் தராசில் ஏறிவிட்டன. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த நான் தற்செயலாக அங்கே நின்றேன். எடை போட்டது முப்பது கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அதற்குரிய விலையை நானே கொடுத்து ஏடுகளை மீட்டேன். இளவல் சிரித்தார். "காக்கா, இதில் வசூலாக வேண்டிய பாக்கி ஏதும் மிச்சமில்லையே!" என்றார். மிச்சம் உண்டு என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

இலங்கையில் தொடக்கம்

எங்கள் ஊர் தஞ்சைச் சீமையில் காவிரிக் கிளையாறு ஒன்றின் கரையில் உள்ளது. ஊரார் எங்கள் கடையை 'ராவுத்தர் கடை' என்றே அழைப்பர். ஆனால் அதன் வேர் இவ்வூரில் இல்லை. இலங்கை மலைநாட்டில் உள்ளது. என் பூட்டனார் சிறுவனாக அங்கே சென்று, ஒரு சிங்களச் சிற்றூரில் உறவினர் நடத்திய கடையில் கையாளாகச் சேர்ந்து, பின்னர் பங்காளியானவர். தமிழகக் கரையிலிருந்து சென்று அத்தீவில் வாணிகம் செய்த முஸ்லிம்களை ஆங்கில ஆட்சியார் 'கோஸ்ட் மூர்' என்று பதிவு செய்தனர். அரிசி, கருவாடு, துணி, மண்ணெண்ணெய் ஆகியவற்றை மலையடிவாரச் சிற்றூர்கள்வரை கொண்டு சென்றவர்களில் இவர்கள் முதன்மையானவர்கள். சிங்கள மொழியில் கடையைக் குறிக்கும் 'கடே' என்னும் சொல்லே நம் 'கடை'தான்.

1914இல் உலகப்போர் மூண்டது. கப்பல் குறைந்தது, விலை ஏறியது. விலையேற்றத்தின் காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது. ஆனால் ஊரார் கண்ணுக்குத் தெரிந்தவன் கடைக்காரன் ஒருவனே. அவன் அயலூரான், வேற்று மதத்தான், கடன் கொடுத்தவன். பள்ளிவாசலின் முன் மேளதாளத்துடன் ஊர்வலம் செல்வது பற்றிக் கம்பளையில் எழுந்து நீதிமன்றம்வரை சென்ற வழக்கு, மனங்களை முன்னரே புண்படுத்தியிருந்தது. 1915 மே 28ஆம் நாள் இரவு கண்டியில் வெசாக் விழாவின்போது மோதல் வெடித்தது. சில நாட்களில் பல மாவட்டங்களுக்குப் பரவியது. ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டன. கலகத்தை அடக்கும் பெயரால் ஆட்சியார் சிங்கள மக்கள்மீது நடத்திய கொடுமையும் சிறிதன்று. இளைஞர் ஹென்றி பெத்ரிஸ் அவ்வாண்டு ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டது அத்தீவின் வரலாற்றில் ஆறாத வடுவாகும்.

என் பூட்டனாரின் கடையும் எரிந்தது. அவரைத் தம் வீட்டில் மூன்று நாள் மறைத்து வைத்துக் காத்ததும் ஒரு சிங்களக் குடும்பமே. இதை அவர் தம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். "கடையை எரித்தவர்களை மறந்துவிடுங்கள், கஞ்சி ஊற்றியவர்களை மறவாதீர்கள்" என்பது எங்கள் குடும்பத்தில் வழங்கிவரும் வாசகம். ஆனால் இன்னொன்றையும் அவர் கற்றுக்கொண்டு வந்தார்: ஊரின் கடன் அனைத்தும் ஒருவன் ஏட்டில் இருக்கும்போது, அந்த ஏடே அவனுக்குப் பகையாகிவிடும். பின்னாளில் எங்கள் கடையில் கடனுக்கு ஒரு வரம்பு வகுக்கப்பட்டதன் காரணம் இதுவே.

கடையின் அமைப்பு

1917இல் அவர் சொந்த ஊரில் கடை வைத்தார். முதல் பேரேடு அவ்வாண்டுக்குரியது. அது அரபுத் தமிழில், அதாவது தமிழ் மொழியை அரபு எழுத்தில் அமைத்து, வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. தமிழின் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் சில மாற்றங்கள் செய்து நம் முன்னோர் ஆக்கிய இவ்வெழுத்தைச் சமய நூல்களுக்கு மட்டும் உரியதென்று பலர் எண்ணுகின்றனர். எங்கள் ஏட்டில் அது கடுகு, வெந்தயம், பெருங்காயம் எழுதியிருக்கிறது. தொகைகளோ தமிழ் எண்களில் உள்ளன. ஏனெனில், எழுத்தை அவர் பள்ளிவாசல் மக்தபில் கற்றார். கணக்கைத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி வாய்பாட்டில் கற்றார். கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று முந்நூற்று இருபதில் ஒரு கூறுவரை நாவிலேயே பிரித்துச் சொல்லும் பயிற்சி அங்கே கிடைத்தது. ஒரே பக்கத்தில் இரு கல்வியும் கைகோத்து நிற்பதைக் காணும்போது, இவற்றைப் பகையாக்கிப் பேசுவோரை எண்ணி வியப்பே தோன்றுகிறது.

சொற்களும் அவ்வாறே. 'பேரேடு', 'சிட்டை', 'நாள்வழி', 'ஐந்தொகை' என்பவற்றின் அருகே 'பாக்கி', 'வசூல்', 'அசல்', 'ஜாமீன்', 'வாய்தா' என்பன அமர்ந்துள்ளன. பாக்கி என்பது அரபியில் எஞ்சி நிற்பது, வசூல் வந்து சேர்வது, அசல் வேர், வாய்தா வாக்குறுதி. 'தகராறு' என்பதும் 'தக்ரார்' என்னும் அரபுச் சொல்லே. ஒன்றையே மீண்டும் மீண்டும் சொல்லுதல் என்பது அதன் பொருள். கடன் கேட்டுப் பழகியவர்களுக்கு அப்பொருளின் நயம் விளங்கும். இச்சொற்களில் பெரும்பாலானவை நவாபுகளின் கச்சேரி வழியாகவும் வருவாய்த்துறை வழியாகவும் தமிழில் புகுந்தவை. அவற்றை அன்றாட நாவுக்குக் கொண்டு சேர்த்ததில் கடைத் திண்ணைக்கும் பங்குண்டு. அதுபோலவே, இங்கிருந்து அங்கே சென்றவையும் உண்டு. இஞ்சியை அரபியர் 'ஸஞ்சபீல்' என்பர். அச்சொல்லின் அடியில் நம் இஞ்சிவேர் இருப்பதை மொழியறிஞர் காட்டுவர். புளியை அவர்கள் 'தம்ர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை, என்று அழைத்தனர்.

கடை என்பது எட்டடி அகலமுள்ள ஒரு முன்னறை. எதிரே மரப்பெட்டிகளின் வரிசை. மேலே தகர டப்பாக்கள். வாயிலில் உப்பு மரவை. உப்பு மட்டும் வெளியே கிடக்கும். அதை யாரும் களவாடுவதில்லை. ஒரு மூலையில் மண்ணெண்ணெய்த் தகரம். எண்ணெய் தீர்ந்தபின் அத்தகரமே ஊர்ப் பெண்களின் தண்ணீர்ப் பாத்திரமாகும். தீப்பெட்டி முதலில் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அதன்பின் ஊர்க்கடைகளில் படிப்படியாக நம் நாட்டுப் பெட்டியே இடம் பிடித்தது.

சிறு வாணிகத்தில் நாடார் சமுதாயத்தவரின் உழைப்பை இங்கே குறிப்பிடாமல் செல்வது நன்றன்று. பேட்டை அமைத்து, விற்பனையில் ஒரு சிறு பங்கை 'மகமை' என ஒதுக்கி, அப்பணத்தில் கல்விக்கூடம் வளர்த்தனர். விருதுநகரில் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுப்பணத்தால் வளர்ந்ததே. நம் ஊர்களிலும் கடைதோறும் பள்ளிவாசலுக்கென உண்டியல் இருந்தது. ஆனால் மகமையைக் கல்விக்குத் திருப்பிய தொலைநோக்கை நம்மவர் பல இடங்களில் காலம் கடந்தே கற்றனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

படியும் பலமும்

அக்காலத்து அளவைகளை இன்றைய இளைஞர் அறியார். எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். எடையில் எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. வீசை என்பது இன்றைய கணக்கில் சுமார் 1,400 கிராம். பலம் சுமார் 35 கிராம். ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு வேறுபடும். அதைவிடப் பெரிய வேறுபாடு அளக்கும் கையில் இருந்தது. படியின்மேல் குவியலாகக் கோபுரம் கட்டி அளக்கலாம். விளிம்போடு தலைதட்டியும் அளக்கலாம். அறுவடைக் காலத்தில் உழவன் நெல்லைக் கொடுத்து உப்பும் மிளகாயும் வாங்குவான். அப்போது நெல்லைக் கோபுரமாக வாங்கிக்கொண்டு, சரக்கைத் தலைதட்டிக் கொடுப்பது சில கடைகளின் 'மாமூல்'. இருமுறையும் படி ஒன்றுதான். எந்தச் சட்டத்தாலும் குற்றம் காண இயலாது.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் பெயர் பெற்றது. அளவையில் குறைப்போர் என்பது அதன் பொருள். ஓர் அத்தியாயமே இக்குற்றத்தின் பெயரால் வழங்குகிறது என்றால், அதன் கடுமையை ஓதத் தெரிந்த கடைக்காரன் உணராதிருக்க முடியாது. பூட்டனாரின் முதல் ஏட்டின் முதற் பக்கத்தில், பிஸ்மிக்குக் கீழே, "வாங்கும் படியும் விற்கும் படியும் தலைதட்டி" என்று ஒரே வரி எழுதப்பட்டுள்ளது. இதனை அறிவுரையாக அவர் எழுதினார் என்று நான் கருதவில்லை. தமக்கே அஞ்சி எழுதிக்கொண்டார் என்றே கருதுகிறேன்.

அஞ்ச வேண்டிய காலமும் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணம் முழுவதும் பங்கீடும் கட்டுப்பாடும் தொடர்ந்தன. சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி எல்லாம் அட்டைக்குரிய பொருள்களாயின. அரிசிக் கட்டுப்பாட்டை ராஜாஜி 1952இல் நீக்கும்வரை இந்நிலை ஏற்றத்தாழ்வுடன் நீடித்தது. அப்போது கடையை நடத்தியவர் என் பாட்டனார். 1943, 1944 ஆண்டுகளின் ஏடுகளில், வழக்கமான பத்திகளுக்கு அப்பால், தலைப்பில்லாத ஒரு பத்தி காணப்படுகிறது. அது மண்ணெண்ணெயைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றதில் கிடைத்த தொகை என்று என் தந்தையார் எனக்கு விளக்கினார். அப்பத்தியின் கூட்டுத்தொகையைப் பாட்டனார் எந்த ஆண்டிலும் முதலோடு சேர்க்கவில்லை. 1946இல் ஊர்ப் பொதுக் கிணற்றைத் தூர்வாரிக் கட்டிய செலவில் அது முடிவடைகிறது. நல்லவர் தவறே செய்யமாட்டார் என்று நம் குடும்ப வரலாறுகளை எழுதுவது வழக்கம். தவற்றை எழுதி வைத்தவரைப் பற்றி எழுதுவதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலணாவும் இரண்டு காசும்

ஏடுகளில் என்னை நெடுநேரம் நிறுத்திய பக்கம் 1957ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. பதினாறு அணா கொண்ட ரூபாய், நூறு நயா பைசாவாயிற்று. நான்கணா இருபத்தைந்து காசு, இதில் சிக்கலில்லை. ஆனால் ஓரணா என்பது 6¼ காசு. பாதிக்கு மேற்பட்ட பின்னத்தை ஒன்றாக்கு, மற்றதை விடு என்பது விதி. ஆகவே ஓரணாவுக்கு 6 காசு. அரையணாவுக்கு 3 காசு. காலணா 1.56 காசாக வருவதால் அதற்கு 2 காசு.

செல்வர் வீட்டுக் கணக்கில் இது ஒன்றும் செய்யாது. அவர்கள் மாதம் ஒருமுறை ரூபாய்க் கணக்கில் தீர்ப்பவர்கள். நாள் கூலி பெற்று, அன்றாடம் காலணாவுக்கு வெற்றிலை பாக்கும் காலணாவுக்குப் புளியும் வாங்குபவளின் நிலை என்ன? பதினாறு முறை காலணாவுக்கு வாங்கினால் பழைய கணக்கில் நான்கணா, அதாவது 25 காசு. புதிய கணக்கிலோ பதினாறு முறை இரண்டு காசு. ஆக 32 காசு. ஏழு காசு கூடுதல். நூற்றுக்கு இருபத்தெட்டு! இதை விதித்தவர் எவருமில்லை, திருடியவரும் எவருமில்லை. பின்னம் தானாகவே ஏழையின் மடியிலிருந்து கல்லாப்பெட்டிக்கு உருண்டு வந்தது. ஓரணாவுக்கு வாங்குவோரிடம் கடைக்காரன் கால் காசு இழந்தான் என்பதும் உண்மையே. ஆனால் ஊர்க்கடையில் காலணா வியாபாரமே மிகுதி.

பாட்டனார் ஒரு மாதம் இக்கணக்கைத் தனியே எழுதிப் பார்த்திருக்கிறார். 'பின்னம்' என்று தலைப்பிட்டு, வரவும் இழப்பும் கழித்து, மீதியை வட்டமிட்டு வைத்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் அப்பத்தி இல்லை. மாறாக, காலணாச் சரக்கின் பொட்டலத்தைப் பெரிதாக்கிவிட்டார் என்று என் தந்தையார் சொன்னார். அவர் அப்போது பத்தொன்பது வயதுக் கையாள். "அத்தா, மற்ற கடைகளில் அப்படியே கொடுக்கிறார்களே" என்று கேட்டாராம். "அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, தம்பி. நாம் பார்த்துவிட்டோமே" என்பது பாட்டனாரின் மறுமொழி. அறியாமல் வந்ததற்கு மன்னிப்பு உண்டு. அறிந்தபின் வைத்துக்கொள்வதற்கு இல்லை என்னும் சட்ட நுட்பத்தை மதரஸாவில் நான் பல ஆண்டுகள் பயின்றேன். அவர் ஒரு பொட்டலத்தில் முடித்துவிட்டார்.

1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. பலம் ஐம்பது கிராமாயிற்று. பெண்கள் நெடுங்காலம் பலம் என்றே கேட்டனர். கடைக்காரர் ஐம்பது நிறுத்தார். 1964இல் 'நயா' என்னும் அடைமொழியும் நீங்கியது.

பாக்கி யாருடையது?

பாட்டனார் 1974இல் காலமானார். ஏட்டில் ஊரார் தரவேண்டிய பாக்கி நான்காயிரம் ரூபாய்க்கு மேல் நின்றது. அன்றைக்கு அது பெருந்தொகை. அவர் ஒவ்வோர் ஆண்டும் ரமலானில், தர இயலாதவர் பெயரில் குறுக்குக் கோடு இழுத்து நேர்செய்வது வழக்கம். என் தந்தையாரும் அவ்வாறே கோடு இழுக்க எண்ணினார். ஊர் ஆலிம் ஒருவர் தடுத்தார். "உங்கள் அத்தா அவருடைய பணத்தை விட்டுக்கொடுத்தார். இன்று அது அவருடைய பணமன்று; உங்களுடையது மட்டுமன்று. உங்கள் சகோதரிகளுக்கும் அதில் பங்குண்டு. அவர்களின் பங்கை விட்டுக்கொடுக்க நீங்கள் யார்?" என்றார்.

இதனை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இறந்தவர் பட்ட கடன் முதலில் தீர்க்கப்பட வேண்டும். அவருக்கு வரவேண்டிய கடனோ வாரிசுகளின் சொத்து. தானம் என்னும் பெயரால் பெண்மக்களின் உரிமை கரைந்துபோவதை நாம் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். புகழ் ஆணுக்கு; இழப்பு பெண்ணுக்கு.

தந்தையார் தம் சகோதரிகள் மூவரையும் அழைத்து ஏட்டை விரித்துப் படித்துக் காட்டினார். இருவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தனர். மூன்றாமவர் விதவை, இரண்டு பெண் குழந்தைகள். "காக்கா, எனக்கு வேண்டும்" என்றார். சுற்றியிருந்தோர் முகம் சுளித்தனர். தந்தையார் சுளிக்கவில்லை. ஏழைகளிடம் வசூலிக்கவும் இல்லை. சகோதரியின் பங்கைக் கணக்கிட்டு, தம் பங்கிலிருந்து மூன்று தவணையில் கொடுத்தார். அத்தொகைக்குரிய ரசீது, அத்தையாரின் கைப்பட அரபுத் தமிழில் எழுதப்பட்டது, அந்த ஏட்டிலேயே ஒட்டப்பட்டுள்ளது. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு இன்று எஞ்சியுள்ள ஒரே சான்று அதுவே. அதுதான் தராசில் ஏறியிருந்தது.

பின்வந்த காலம்

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. நியாயவிலைக் கடைகள் சிற்றூர்தோறும் பரவின. 2011 ஜூன் முதல் அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. இதனால் ஊர்க்கடையின் அரிசி வியாபாரம் சுருங்கியது உண்மை. ஆனால் அரிசிக்காகக் கடன்படும் நிலை ஏழைக்குக் குறைந்தது. இது வருந்தத்தக்க மாற்றமன்று. 2016 நவம்பர் 8இல் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தது. பொட்டலம் போய், ஒற்றை ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்கின. கைப்பேசியில் பணம் செலுத்தும் பழக்கமும் வந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு பிறந்தபோது, மூடிக்கிடந்த பழக்கம் ஒன்று திரும்பியது. கூலி நின்றது, பேருந்து நின்றது. பெரிய அங்காடிகளுக்குச் செல்ல வழியில்லை. அங்காடியில் கடன் கேட்கவும் இயலாது. என் இளவல் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, அதில் பெயர்களை எழுதத் தொடங்கினார். ஆறு மாதத்தில் மூன்று குறிப்பேடுகள் நிறைந்தன. பூட்டனார் வகுத்த வரம்பை அவரும் கைக்கொண்டார்: ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதச் சரக்குக்கு மேல் கடனில்லை; முந்தைய பாக்கிக்காகப் புதிய உப்பையும் அரிசியையும் மறுப்பதும் இல்லை. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று அவர் அறிந்திருக்கவில்லை. "அத்தா அப்படித்தான் செய்வார்" என்று மட்டும் அறிந்திருந்தார். 1915இன் நெருப்பில் கற்ற பாடம் நூறாண்டு கடந்தும் கடையில் இருந்தது. அதைச் சொல்லும் ஏடு மட்டும் பரணில் இருந்தது.

நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும், இலங்கையிலோ பர்மாவிலோ மலேயாவிலோ ஊர்முனையிலோ கடை வைத்தவர் ஒருவர் இருந்திருப்பார். அவருடைய ஏடு எங்கேனும் இருக்கக்கூடும். கடனைப் பற்றி எழுதிவைக்குமாறு கற்பிக்கும் வசனமே திருக்குர்ஆனின் வசனங்களில் மிக நீண்டது என்பதை நாம் அறிவோம். எழுதும் கடமையை முன்னோர் நிறைவேற்றினர். காக்கும் கடமை நம்முடையது. அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே ஏட்டை அவர்கள்முன் விரிக்க வேண்டும். அவர்கள் படிப்பதை இளையோர் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் இளவலின் மூன்று குறிப்பேடுகளையும் கேட்டேன். இரண்டில் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று கொடுத்தார். அவை இப்போது 1917ஆம் ஆண்டுப் பேரேட்டின் அருகே என் அலமாரியில் உள்ளன. மூன்றாவதில் பாக்கி இன்னும் நிற்கிறது. அது கடையிலேயே இருக்கிறது.